நம் பக்கம் ஒரு பழைய அபார்த் புன்டோ விலைக்கு வந்தால்: வாங்கலாமா, விடலாமா?

இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் ஃபெராரி, லம்போர்கினி என்று மனம் ஓடும். அதை வாங்குகிறவருக்கு வண்டி பார்த்துச் சொல்லத் தனி ஆள் இருப்பார். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் எப்போதாவது விலைக்கு வந்து, மாதச் சம்பளக்காரரும் யோசித்துப் பார்க்கக்கூடிய இத்தாலிய வேக வண்டி என்றால் அது அபார்த் புன்டோதான். இந்த வழிகாட்டி அதற்கு மட்டும். ஃபியட்டின் லீனியா டி-ஜெட் கார் வைத்திருப்பவர்களுக்கும் எஞ்சின் பகுதி பெரும்பாலும் பொருந்தும்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. கார்லோ அபார்த் 1949-ல் ஆரம்பித்த நிறுவனம். 1971-ல் ஃபியட் கைக்குப் போனது. சின்னத்தில் இருக்கும் தேள் அவருடைய ராசி. இந்தியாவில் அபார்த் புன்டோ 2015 அக்டோபரில் வந்தது, டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம். புனே பக்கம் ரஞ்சன்காவ் ஆலையில் கட்டியது. 1368 சிசி டர்போ பெட்ரோல், 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் டார்க். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 8.8 விநாடி என்று கம்பெனி சொன்னது. அந்த விலையில் அப்போது இவ்வளவு வேகம் வேறு எதிலும் கிடைக்கவில்லை. ஆனாலும் அதிகம் விற்கவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை விதி வருவதற்கு முன்பே ஃபியட் இங்கே கடையைக் கட்டிவிட்டது. ஆகவே இன்று எந்த அபார்த் வந்தாலும் அது பிஎஸ்-4, வயதான வண்டி, கம்பெனி பேர் போட்ட ஷோரூம் கிடையாது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். புரோக்கர் "ரேர் வண்டி சார், இனிமே வராது" என்பார். உண்மைதான். இனிமேல் வராது என்றால் அதன் பம்பரும் ஹெட்லைட்டும் இனிமேல் வராது என்றும் பொருள். அரிது என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கக் காரணமில்லை. உள்ளபடி பார்த்தால் பேரம் பேச அதுதான் உங்கள் கையில் இருக்கும் முதல் துருப்பு.

வண்டியைப் பார்க்கப் போகுமுன் போனை எடுங்கள்

எல்லோரும் முதலில் வண்டியைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் மனம் விழுந்துவிடுகிறது, அதற்கப்புறம் எந்தக் குறையும் கண்ணில் படாது. இந்த வண்டிக்கு வரிசையை மாற்றுங்கள். பார்ட்ஸ் விசாரணை முதலில்.

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முன் ஹெட்லைட் ஒன்று, முன் பம்பர், பின் பம்பர், முன் கண்ணாடி, கிளட்ச் செட், டைமிங் பெல்ட் செட், டர்போ, லோயர் ஆர்ம். ஜீப் சர்வீஸ் சென்டர்களுக்குப் போன் போடுங்கள். ஃபியட் பார்ட்ஸ் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. மதுரை, கோவை, திருவனந்தபுரம் மூன்றிலும் கேட்டுவிடுங்கள். ஸ்டாக் இருக்கிறதா, ஆர்டர் எடுப்பீர்களா, எத்தனை நாள் ஆகும் என்ற மூன்று கேள்வி போதும். அப்புறம் கோவையில் ரேஸ் வண்டி வேலை பார்க்கிற கடைகள். கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிற ஊர் என்பதால் டர்போ பெட்ரோல் கை பழகிய ஆட்கள் அங்கே உண்டு.

விசாரித்தால் ஒரு விஷயம் தெளிவாகும். எஞ்சின் பார்ட்ஸ் விலை கூட இருந்தாலும் எங்கிருந்தாவது கிடைக்கிறது. காரணம், இதே 1.4 டி-ஜெட் எஞ்சினை ஐரோப்பாவில் அபார்த் 500, ஃபியட் பிராவோ, ஆல்ஃபா ரோமியோ மிட்டோ என்று பலதிலும் போட்டார்கள். கஸ்டம்ஸ் கட்டி வரவழைக்கலாம். பாடி பார்ட்ஸ் கதை வேறு. 2014-ல் இந்தியாவுக்கென்று மாற்றிய முகப்பு இது. ஹெட்லைட், பம்பர், கிரில் எல்லாம் இங்கே கழித்துக்கட்டிய, இதே முகப்புள்ள சாதாரண புன்டோ ஈவோ வண்டிகளிலிருந்து எடுத்தால்தான் உண்டு.

என் கணக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது. புகை விடுகிற டர்போ, வழுக்குகிற கிளட்ச் இருந்தால் விலையைக் குறைத்துப் பேசி வாங்கலாம். ஒரு பக்கம் இடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டியை எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடலாம். மாருதி வாங்கும்போது நாம் இதற்கு நேர் எதிராக யோசிப்போம்.

இது உண்மையிலேயே அபார்த்தா?

சாதாரண புன்டோ ஈவோவுக்குத் தேள் ஸ்டிக்கரும் சிவப்புக் கோடும் ஒட்டி விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆர்சியில் சிசி பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். டர்போ இல்லாத 1.4 பெட்ரோல் புன்டோவுக்கும் அதே 1368 சிசிதான். ஆர்சியில் மாடல் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

வண்டியில் பார்ப்பதானால் பின் சக்கரத்தின் அருகே குத்தவைத்து, அலாய் இடுக்கு வழியே டார்ச் அடியுங்கள். பளபளவென்று டிஸ்க் தெரிய வேண்டும். அபார்த்துக்கு நாலு சக்கரமும் டிஸ்க். சாதாரண புன்டோவுக்குப் பின்னால் துருப்பிடித்த டிரம் இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் அதுவரைக்கும் செலவழிக்க மாட்டான். பானெட்டைத் திறந்தால் டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் தடித்த குழாய் இருக்க வேண்டும்.

இதே எஞ்சினோடு அவென்சுரா என்று ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டிய உயரமான வண்டியும் வந்தது, 140 குதிரைத்திறன். அதுவும் நல்ல வண்டிதான். நம் கிராமத்து ரோடுகளுக்கு 155 மில்லிமீட்டர் தரை உயரம் உள்ள புன்டோவைவிட அது தோதானதும்கூட. ஆனால் அபார்த் புன்டோ விலை கொடுக்க வேண்டாம்.

அபார்த் 595 என்று குட்டி வண்டி ஒன்றும் 2015-ல் இறக்குமதியானது. யாராவது காட்டினால் பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடுங்கள்.

காகிதம்

வண்டியின் பதிவு எண்ணை வாங்கி எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் போடுங்கள். எத்தனையாவது ஓனர், வண்டி மேல் கடன் பதிவு, இன்சூரன்ஸ் தேதி எல்லாம் வந்துவிடும். ஈ-சலான் நிலுவையையும் அப்படியே பாருங்கள். வேக வண்டி என்பதால் கட்டாத அபராதம் இருக்க வாய்ப்பு அதிகம்.

TN என்ற இரண்டு எழுத்துக்குப் பதில் கேஎல் என்று தொடங்கினால் கூடுதல் வேலை. நமக்குச் செங்கோட்டை, புளியரை தாண்டினால் கேரளம் என்பதால் அங்கிருந்து வண்டிகள் நிறைய வருகின்றன. அந்த ஆர்டிஓவிடமிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். அந்த வரி எவ்வளவு என்று ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, விலையோடு கூட்டிப் பாருங்கள். "என்.ஓ.சி. பின்னாடி வாங்கித் தாரேன்" என்றால் பணமும் பின்னாடிதான்.

தண்ணீரில் நின்ற வண்டியா?

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். இந்த வண்டிகள் தெருவில் இருந்த காலத்தில் சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம், கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளம், அப்புறம் நம் வாசலிலேயே 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி நெல்லை ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் ஏறி வந்தது. அப்போது மூழ்கிய கார்கள் எல்லாமே கழித்துக்கட்டப்பட்டுவிடவில்லை. கழுவி, சீட் துணி மாற்றி, வேறு மாவட்டத்துக்குப் போய், சில அங்கிருந்து திரும்பவும் வந்திருக்கின்றன.

முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சுருளுக்குள்ளேயே இருக்கும் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவ மாட்டார்கள். அங்கே பழுப்பு நிறக் கோடு இருந்தால் அதுதான் தண்ணீர் நின்ற மட்டம். அடுத்து முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, அடியில் இருக்கும் தண்டவாளத்தின் போல்ட் தலைகளைப் பாருங்கள். காருக்குள் இருக்கும் போல்ட் துருப்பிடிக்க மழை போதாது. சீட்டுக்கடியில் ஒயர் சாக்கெட் இருந்தால் அதையும் பாருங்கள். அதன் பின்னில் பச்சைப் பூஞ்சை மாதிரி தெரிந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. கடைசியாக டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி குழிக்குள் விரலால் வழியுங்கள். வண்டல் மண் மாவு மாதிரி இருக்கும், ஒட்டும்.

சிவப்பு மணல் வந்தால் பயப்பட வேண்டாம். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத் தேரிக்காட்டுப் புழுதி அது; ஏர் ஃபில்டரை மாற்றினால் சரி. ஆனால் வண்டி அந்தப் பக்கம் இருந்தது என்றால் கடற்கரையும் கிட்டத்தில்தான். உவரியிலோ திருச்செந்தூரிலோ வெளியே நின்ற வண்டிக்கு அடியில் உப்புக் காற்று வேலை பார்த்திருக்கும். சைலன்சர் பட்டை, பிரேக் குழாய், சஸ்பென்ஷன் போல்ட் மூன்றையும் ஜாக்கி போட்டுப் பார்க்க வேண்டும்.

குளிர்ந்த எஞ்சின்

காலையில் போங்கள். போனதும் கை கொடுக்குமுன் பானெட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் பெரும்பாலும் இந்த உரையாடல்தான் நடக்கும்:

"இப்பதான் பெட்ரோல் போட்டுட்டு வந்தேன் அண்ணாச்சி, அதான் சூடு."

"சரி தம்பி, அப்போ நாளைக்குக் காலையில வாரேன். அதுவரைக்கும் சாவியத் தொடாம வைங்க."

இதைச் சொல்லக் கூச்சப்படக் கூடாது. குளிர்ந்த எஞ்சின் சொல்வதைச் சூடான எஞ்சின் சொல்லாது. முதல் ஸ்டார்ட்டில் சைலன்சர் பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். நீலப் புகை வந்து சில விநாடியில் மறைந்தால் வால்வ் சீலோ டர்போ சீலோ போகத் தொடங்கியிருக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். அதற்கு நீங்கள் தயாரில்லை என்றால் அங்கேயே நன்றி சொல்லிவிடுங்கள்.

காதைக் கொடுங்கள். குளிர்ந்திருக்கும்போது எஞ்சினிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் அடங்கினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட் முறிந்திருக்கலாம். டி-ஜெட்டில் இது தெரிந்த வியாதி. ஸ்டட் மலிவு, முறிந்ததைத் துளைத்தெடுக்கிற கூலிதான் வலிக்கும். வண்டியை விட்டுவிட அது காரணமில்லை, விலையைக் குறைக்கக் காரணம்.

இன்டர்கூலர் குழாய் ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே லேசான எண்ணெய் ஈரம் இருப்பது வழக்கம். விரலை வைத்தால் சொட்டினால் டர்போ முடிகிறது.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், பில். இந்த எஞ்சினுக்குச் செயின் கிடையாது, ரப்பர் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் திறக்க வேண்டிவரும். "முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு, பெல்ட்டுக்கு அவசரமில்லை" என்பது தவறான ஆறுதல். ரப்பர் ஓடாமலும் காயும், அதுவும் நம் ஊர் வெயிலில். பில் இல்லையென்றால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றின் செலவையும் விலையில் கழித்துவிடுங்கள்.

லேப்டாப்போடு ஒரு மெக்கானிக்

ஃபியட் வண்டிகளின் கம்ப்யூட்டரைப் படிக்கவென்றே மல்ட்டிஈசியுஸ்கேன் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அது தெரிந்த ஒருவரை அழைத்துப் போவது நீங்கள் செலவழிக்கிற மிக நல்ல காசு. ஸ்விஃப்ட் டீசலில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் நம்மூரில் நிறையப் பேர்; அந்த டீசலும் ஃபியட் எஞ்சின்தான் என்பதால் "எனக்கு ஃபியட் தெரியும்" என்பார்கள். அந்த அனுபவம் சஸ்பென்ஷனுக்கு உதவும், டி-ஜெட்டுக்கு அவ்வளவாக உதவாது.

ஸ்கேனரில் பிழைக் குறியீடு ஒன்றுமே இல்லாமல், சற்று முன்புதான் அழித்த மாதிரி இருந்தால் ஓட்டிப் பார்த்த பிறகு இன்னொரு முறை போடச் சொல்லுங்கள்.

ரீமேப் பற்றியும், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இந்த வண்டி வாங்கியவர்களில் பலர் 145 போதாது என்று நினைத்தவர்கள். ரீமேப் செய்திருப்பதாலேயே வண்டி மோசம் என்று இல்லை. யார் செய்தது, எந்த ஃபைல், பழைய ஃபைல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர் பெருமையாகச் சொல்வார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்கிற வண்டியில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய் இருந்தால் மீதியை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

ஓட்டம்

முதல் பத்து நிமிடம் ஊருக்குள். பாளையங்கோட்டை வேகத்தடைகளில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள், ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டு. டொக் என்றால் சஸ்பென்ஷனில் லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கும். நின்ற இடத்தில் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்புங்கள்; இது எண்ணெயில் ஓடும் பவர் ஸ்டீரிங், முனகினால் எண்ணெய் கசிகிறதா என்று அடியில் பாருங்கள்.

பிறகு கே.டி.சி. நகர் தாண்டி நான்குவழிச் சாலையில் நாங்குநேரி நோக்கித் திரும்புங்கள். பொன்னாக்குடி கடந்தால் நேர் ரோடு. நாலாவது கியரில் நாற்பதில் போய், சட்டென்று முழு மிதி மிதியுங்கள். 2000 ஆர்பிஎம் வரை சோம்பலாக இருக்கும், அது அதன் சுபாவம். அதற்கு மேல் முதுகைச் சீட்டோடு சேர்த்துத் தள்ள வேண்டும். ஆர்பிஎம் முள் மட்டும் எகிறி வேகம் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. முள்ளும் ஏறாமல், உஸ்ஸென்று காற்றுச் சத்தம் கேட்டால் குழாய் கசிவு அல்லது டர்போ காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வ். பின்னது சின்ன வேலை. சாலை காலியாக இருந்து சட்ட வேகத்துக்குள் இருந்தாலே இதெல்லாம் தெரிந்துவிடும். எவ்வளவு போகும் என்று பார்க்க வேண்டியதில்லை.

ஸ்டீரிங்கை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கும்போது எந்த வண்டியும் இழுக்கும்; இரண்டு திசையிலும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். திரும்பி வந்து, நடுப்பகலில், வெயிலில் வண்டியை நிறுத்தி ஏசியை முழுதாக வைத்துக் கால் மணி நேரம் உட்காருங்கள். ரேடியேட்டர் ஃபேன் வேலை செய்கிறதா, சூட்டு முள் நடுவில் நிற்கிறதா என்பதும் இதோடு தெரிந்துவிடும்.

விலை

சந்தை விலை என்று இந்த வண்டிக்கு ஒன்று கிடையாது. அவ்வளவு வண்டி கைமாறுவதில்லை. ஆன்லைனில் போட்டிருக்கும் தொகை கேட்கிறவரின் ஆசை மட்டுமே. நான் போடும் கணக்கு வேறு மாதிரி. அதே வயதுள்ள, அதே கிலோமீட்டர் ஓடிய மாருதி பலேனோ ஆர்எஸ் மாதிரி ஒரு சின்ன டர்போ பெட்ரோல் வண்டியின் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்துக்காகக் கொஞ்சம் கூட்டுங்கள். அதிலிருந்து பெல்ட் வேலை, டயர் (195/55 ஆர்16, கிடைக்கிற அளவுதான்), புஷ் செட், எந்தெந்த வேலை கண்டீர்களோ அதெல்லாம் கழியுங்கள். மேலும் ஒரு ஹெட்லைட் தேடி அலைகிற செலவையும் இப்போதே ஒதுக்குங்கள். வருகிற தொகையைச் சொல்லிவிட்டு எழுந்து நில்லுங்கள். இந்த வண்டிக்கு வேறு ஆள் வர மாதக்கணக்கு ஆகும் என்று விற்கிறவருக்கும் தெரியும்.

இன்சூரன்ஸையும் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். ஐந்து வருடம் தாண்டிய, உற்பத்தி நின்ற மாடலுக்கு ஐடிவி, அதாவது இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு, அட்டவணைப்படி வராது. கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்கிற தொகைதான். குறைத்துப் போட்டால் சின்ன விபத்திலேயே பாடி பார்ட்ஸ் விலை அந்தத் தொகையில் முக்கால் பங்கைத் தாண்டி, வண்டி முழுச்சேதம் என்று எழுதப்பட்டுவிடும். பார்ட்ஸ் தாமதம் வேறு.

இது யாருக்கு வேண்டாம்

வீட்டுக்கு ஒரே வண்டியாக, தினமும் ஆபீசுக்கும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் வேண்டும் என்றால் வேண்டாம். ஒரு சென்சார் வர இரண்டு வாரம் வண்டி ஷெட்டில் நிற்கும், அதுவரை நீங்கள் பஸ்ஸில் போக வேண்டும். பெட்ரோலும் இது கொஞ்சம் குடிக்கும். விரட்டினால் இன்னும் குடிக்கும். இப்போது எல்லாப் பங்கிலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான். அதற்கு முன்பு வடிவமைத்த வண்டி இது என்பதால் ரப்பர் எரிபொருள் குழாய்களை வருடம் ஒருமுறையாவது தொட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் டேங்கில் பெட்ரோலை வைத்திருக்காதீர்கள்.

வாங்கிய கையோடு

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள்தான். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். கண்ணாடியில் இருக்கும் பழைய ஃபாஸ்டேகைக் கிழித்துவிட்டுப் புதியது ஒட்டுங்கள், இல்லையென்றால் நாங்குநேரி டோலில் அவர் கணக்கிலிருந்து போகும், அன்றைக்கே போன் வரும்.

எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாம் முதல் வாரமே. பெல்ட் வேலை முடிகிறவரை வேகம் வேண்டாம். அப்புறம் எங்கேயாவது புன்டோ ஈவோ கழித்துக்கட்டுகிறார்கள் என்று காதில் விழுந்தால் இரண்டு ஹெட்லைட்டையும் வாங்கி, துணி சுற்றி, மச்சில் போட்டு வையுங்கள்.